கவுத்த சீட்டு

உக்காருங்க அம்மிணி, உக்காருங்க. எதுத்தாப்புல இருக்கற அந்த வீட்டுக் கேட்டு நாலு மணிக்கு முன்ன தொறக்காதுங்க. தங்கச்சி மத்தியானம் செத்த நேரம் கண்ணசருவா. நீங்க போய் பெல்லை அடிச்சு எழுப்பிட்டா பாவம், ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடக்கறவ. பேக்கரியில உக்காந்து ஒரு டீ குடிங்க. காசு நான் குடுத்துக்கறனுங்க. தேங்கா பன்னு சாப்படறீங்களா? வேண்டாமா? சரி விடுங்க.

ஆருடா இந்தக் கெழவன்னு பாக்கறீங்க. பயப்படாதீங்க. நான் அந்த வீட்டுக்காரன் திருமூர்த்திக்கு வேண்டியவன். மாப்ளே மாப்ளேன்னு வாய்முறை சொல்லிக்கிட்டு பள்ளிக்கூடத்துல இருந்து ஒண்ணாத் திரிஞ்சவங்க நாங்க, அதனால அவன் சம்சாரம் எனக்குத் தங்கச்சி. அவனுக்கு நீங்க பேசப் பழக்கறீங்கன்னு தெரியும். கோயமுத்தூர் பஸ்ல வந்து எறங்கறதைப் பாக்கறனுங்களே. நான் தெனமும் இங்கதான் உக்காந்திருக்கறேன். உள்ள போறதில்லைங்க. போக முடியாது. அது ஒரு கதை. அதைச் சொல்லிப்போட்டு உங்ககிட்ட ஒரு ஒத்தாசை கேக்கணும். சின்ன ஒத்தாசைதானுங்க. ஆனா எடுத்த எடுப்புலயே கேட்டா தலையும் புரியாது வாலும் புரியாது, முடியாதுன்னு சொல்லிருவீங்க. அதனால மொதல்ல கதை.

உங்களுக்கு சீட்டாட்டம் தெரியுமுங்களா? தெரியாதா? நல்லதுதானுங்க. தெரியாதவங்கதான் நேர்மையாத் தீர்ப்புச் சொல்வாங்க. நாங்க ஆடறது மூணு சீட்டு. ஆளுக்கு மூணு சீட்டுப் போடுவாங்க. உங்க சீட்டு உங்களுக்குப் புடிச்சிருந்தா நடுவுல காசு வைக்கணும். புடிக்கலீன்னா சீட்டைக் கவுத்து நடுவுல போட்டுறணும். அப்படிக் கவுத்த சீட்டெல்லாம் சேர்ந்து கெடக்கற எடத்துக்குக் குப்பைன்னு பேரு. குப்பையில சேர்ந்த சீட்டு செத்த சீட்டு. அதை எடுக்கக் கூடாது, தொடக் கூடாது, என்ன சீட்டுன்னு திருப்பிப் பாக்கவும் கூடாது. கடைசி வரைக்கும் நிக்கறவன் காசை எடுத்துக்குவான். அவ்வளவுதானுங்க ஆட்டம். கொழந்தைக்குக் கூடப் புரியும்.

ஆனா நம்ம ஆளுக இருக்கறானுங்களே, கொழந்தைகளை விட மோசம். நான் முத்திரை ஆபீசரா இருந்தவனுங்க. கடைகடையாப் போய் தராசு, படிக்கல்லு, பெட்ரோல் பங்க்கு எல்லாம் சோதிச்சு முத்திரை குத்தற உத்தியோகம். படிக்கல்லு அடியில ஓட்டை போட்டு ஈயத்தை நோண்டி எடுத்துட்டு மெழுகு வெச்சு அடைச்சிருப்பான். மேல திருநீறு பூசி வெச்சிருப்பான். நான் சாமி கும்புடறாப்புல எடுத்துப் பாத்து எடையைச் சொல்லிருவேன். என்ற சொந்த மாமன் கடைத் தராசையே தூக்கிட்டு வந்தவன் நான். மாமியார் ஒடைச்சா மண்சட்டி, மருமக ஒடைச்சா பொன்சட்டிங்கற சோலியெல்லாம் என்கிட்ட கெடையாதுங்க.

அதனாலதான் ரிட்டேர்டு ஆனப்புறம், நாங்க சீட்டாடற மனமகிழ் மன்றத்துல எல்லாரும் சேர்ந்து, ஆபீசரே, சீட்டு மேசைக்கு நீங்கதான் நடுவரா இருக்கணும்னு சொன்னாங்க. நானும் ஆடுவேன். ஆனா தகராறுன்னு வந்துட்டா என்ற வார்த்தைதான் கடைசி. அதுக்கு முன்ன அந்த மேசை சந்தைக்கடையாட்டம் இருக்குமுங்க. ஒருத்தன் அம்பதுன்னு சொல்லுவான், அடுத்தவன் மொகத்தைப் பாத்துட்டு இல்லையில்லை நூறும்பான். ஒருத்தன் தன்ற மொறை வர்றதுக்கு முன்னாலயே சீட்டைக் கவுத்துப்போட்டு மத்தவன் கணக்கையெல்லாம் கெடுப்பான். ஒருத்தன் கவுத்துருவான், கவுத்ததுக்கப்புறம் ஐயையோ கைதவறி விழுந்துருச்சுன்னு குப்பைல இருந்து எடுத்துக்குவான். நான் வந்து எல்லாத்தையும் நூல் புடிச்சாப்புல ஆக்கினேன். வாயில வந்தா வந்ததுதான். குப்பைல விழுந்தா விழுந்ததுதான்.

ஆறுச்சாமின்னு ஒருத்தன், தேங்கா யாவாரி. ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவால போன் வந்துச்சு. ஆரோ வெலை கேட்டிருக்கான். இவன் சீட்டைக் கையில வெச்சுக்கிட்டு போன்ல, ஐநூறு, ஐநூறுக்கு மேல ஒரு பைசா ஏத்த மாட்டேன்னான். நான் சொன்னேன், ஆறுச்சாமி, உன்ற மொறை, நீ ஐநூறு சொல்லிட்டே, எடுத்து வையி. அட தேங்காய்க்குச் சொன்னேனுங்க ஆபீசரேங்கறான். மேசைல உக்காந்துட்டு தேங்காய்க்கு என்ன, மாங்காய்க்கு என்ன? வையின்னேன். மேசையே விழுந்து விழுந்து சிரிச்சுது. வெச்சானுங்க. திருமூர்த்தி சிரிச்ச சிரிப்புல அவன் வாயில இருந்த வெத்தலை என்ற சட்டையெல்லாம் தெறிச்சுப்போச்சு. அந்தக் கறை இன்னும் போகலை.

அவனுக்கு எப்பவும் வாயில வெத்தலை இருக்குமுங்க. மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருந்தான். நாள் பூரா குனிஞ்சு வேலை செய்யறவனுக்கு அது ஒரு தொணை. வாய் நெறைய அடக்கிக்கிட்டு, கேட்டதுக்கெல்லாம் தலையைத்தான் ஆட்டுவான். இதை ஞாபகம் வெச்சுக்கங்க அம்மிணி, ஏன்னா எல்லாரும் இதை மறந்துட்டு என்னையப் பேசறாங்க.

இன்னொரு பழக்கமும் சொல்லிப்போடறேன். இது நான் கொண்டாந்தது இல்லைங்க, எங்க மேசைல ரொம்ப நாளா இருக்கற மொறை. நல்ல மொறை. ஒருத்தன் பெரிய ஆட்டத்துல தோத்துட்டானோ, தகராறுல தீர்ப்பு அவனுக்கு எதுராப் போயிருச்சோ, அவன் மூஞ்சியை ஆரும் பாக்கக் கூடாது. பேச்சுக் குடுக்கக் கூடாது. ஆறுதல் சொல்லவே கூடாது. ஆம்பளை தோத்து உக்காந்திருக்கறப்ப நாம மூஞ்சியைப் பாத்தா அது அவனை அவமானப்படுத்தறாப்புல. அவனாவே ஆறி, அவனாவே சீட்டை எடுக்கோணும். எத்தனை சண்டை இதனால நடக்காமப் போயிருக்குது தெரியுமுங்களா? நாகரிகம்னா அதுதானுங்க.

சரி, அந்த ஞாயித்துக்கெழம.

மத்தியானச் சோத்தை உண்டுட்டு உக்காந்தோம். எனக்கு எடப்பக்கம் திருமூர்த்தி. அவனுக்கு அந்தாண்ட ஆறுச்சாமி. இன்னும் மூணு பேரு எதுத்தாப்புல. அன்னிக்கி ஒரு ஆட்டம் நல்லா ஏறிருச்சு. ஆறுச்சாமி விடறதா இல்லை. நானும் நல்ல சீட்டு வெச்சிருந்தேன். திருமூர்த்தியும் சுத்துக்குச் சுத்து சத்தமில்லாமக் காசு வெச்சுட்டே வந்தான். அவன் மொறை மறுபடி வந்துச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கறோம். அவன் கை மெதுவாக் கீழ வந்துச்சு. சீட்டு மூணும் வெரல்ல இருந்து நழுவி, கவுந்தாப்புல, நேரா குப்பை மேல போய் விழுந்துச்சு.

அடுத்த மொறை ஆறுச்சாமிக்கு, வைக்கறதுக்குக் காசைக் கையில எடுத்துட்டான். எதுத்தாப்புல இருந்தவன் ஒருத்தன், இருங்க இருங்க, அண்ணனுக்குக் கை தவறிருச்சாட்ட இருக்குது, எடுத்துக் குடுங்கன்னான். நான் கையை நீட்டித் தடுத்தேன். யாரும் தொடாதீங்கன்னேன். அதுக்கும் எங்ககிட்ட ஒரு ரூலு இருக்குதுங்க. நெசமாவே தவறி விழுந்திருந்தா, அடுத்த ஆள் காசு வைக்கறதுக்கு முன்ன, விழுந்தவன் வாயைத் தொறந்து கவுக்கலைன்னு சொல்லணும். அவன்தான் சொல்லணும். அடுத்தவன் சொன்னா செல்லாது. நான் அவன் பக்கம் திரும்பி, மாப்ளே, கவுத்துட்டியா, தவறுச்சா, வாயைத் தொறந்து சொல்லுன்னேன்.

அவன் என்னையப் பாத்தான். பேசலை.

ஒருக்காக் கேட்டேனா? இல்லைங்க, ரெண்டு மூணு தரம் கேட்டேன். ஆறுச்சாமிய நிறுத்தி வெச்சுட்டுக் கேட்டேன். வேற ஆரா இருந்தாலும் அவ்வளவு நேரம் குடுத்திருக்க மாட்டேன். வாய் ஒரு பக்கமா இழுத்தாப்புல இருந்துச்சுன்னு இப்பச் சொல்றாங்க. வெத்தலை அடக்கறவனுக்கு வாய் எப்படி இருக்குமுங்க? ஒரு பக்கம் உப்பித்தான் இருக்கும். கடைவாய்ல எச்சில் வழிஞ்சுதுங்கறாங்க. அது அவனுக்கு எப்பவும் வழியறதுதானே. என்ற சட்டையைக் கேட்டாத் தெரியும்.

பேசாதவன் கவுத்தவன்னு தீர்ப்புச் சொன்னேன். ஆறுச்சாமி காசை வெச்சான். ஆட்டம் அடுத்த ஆளுக்குப் போயிருச்சு.

அப்பத்தான் அவன் எடது கையால என்ற சட்டைக் கையைப் புடிச்சு இழுத்தான். மறைக்க மாட்டனுங்க, இழுத்தான். ஒருக்கா இல்லை, புடிச்சுக்கிட்டே இருந்தான். நான் என்னங்க நெனைக்கறது? தீர்ப்பை மாத்தச் சொல்லிக் கெஞ்சறான்னுதானே நெனைப்பேன்? பழகுன பழக்கத்தை வெச்சு சலுகை கேக்கறான்னு எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. நீயாடா மாப்ளே இப்படின்னு மனசு நொந்துபோச்சு. கையைத் தட்டி விட்டேன். ஊருக்கு ஒரு ரூலு உனக்கு ஒரு ரூலாடான்னேன். அன்னிக்கி அவனுக்கு எளகிக் குடுத்திருந்தா அப்புறம் அந்த மேசைல என்ற வார்த்தைக்கு என்ன மரியாதைங்க இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம் அவன் அப்படியே சாஞ்சு உக்காந்துட்டான். தகராறு வந்த கட்டை அப்படியே ஒதுக்கி வெச்சுட்டு, வேற கட்டுல அடுத்த ஆட்டத்துக்கு சீட்டுப் போட்டாங்க, அவன் எடுக்கலை. கோவிச்சுக்கிட்டான்னு நெனைச்சோம். எல்லாருந்தான் நெனைச்சாங்க, நான் மட்டுமில்லை. எதுத்தாப்புல இருந்தவன் ஒருத்தன் எந்திரிச்சு, அண்ணனுக்குத் தண்ணி ஏதாச்சும் குடுக்கலாமான்னு கேட்டான். நான்தான் வேண்டாம்னேன். விடு, அவனை ஆரும் பாக்காதீங்க, அவனா ஆறுவான்னேன். மொறை அதுதானே? அவன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால தள்ளி சொவத்தோரமா விட்டுட்டு, அஞ்சு பேரா ஆட்டத்தை ஓட்டுனோம். ஆரும் திரும்பிப் பாக்கலைங்க. அவ்வளவு கட்டுப்பாடான மேசை அது. டீ வந்துச்சு. அவன் டீயை அவன் பக்கத்துல வெச்சாங்க. ஆடை கட்டிப் போச்சு.

தெருவிளக்கு போட்டப்புறம் ஆட்டத்தை முடிச்சு, செருப்பைத் தேடிக்கிட்டு, மாப்ளே எந்திரி போலாம், வீட்டுக்குப் போய் தங்கச்சி கையால சாப்புட்டாக் கோவமெல்லாம் போயிரும்னு நான் அவன் தோளைத் தொட்டேன். அப்படியே என்ற மேல சரிஞ்சுட்டானுங்க. வேட்டியெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. கண்ணு மட்டும் தொறந்திருந்துச்சு.

அழுகறேன்னு நெனைக்காதீங்க. எனக்கு இந்தக் கண்ணுல தண்ணி வர்றது ஆப்பரேசன் பண்ணதுல இருந்தே இருக்குது.

கோயமுத்தூருக்குக் கொண்டு போனோம். வண்டில அவன் தலை என்ற மடியில. அங்க ஒரு டாக்டரு, சின்னப் பையன், எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டான். எல்லாரும் என்னையப் பாக்கறாங்க. எனக்கு நேரம் தெரியுமுங்க. சீட்டு குப்பைல விழுந்தப்ப நான் கடியாரத்தைப் பாத்தவன், தகராறுன்னா நேரம் பாத்து வெச்சுக்கறது என்ற வழக்கம். சாயங்காலந்தான்னு ஒரு பொய்யைச் சொல்லியிருந்தா என்னைய இன்னிக்கி ஆரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் உள்ளதைச் சொன்னேன். அந்தப் பையன் பேனாவை வெச்சுட்டு, மூளைக்குப் போற ரத்தக்குழாயில அடைப்பு, ரத்தக்கட்டி கரையறதுக்கு ஊசி இருக்குது, ஆனா அதுக்கான நேரம் தாண்டிருச்சு, அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா பேச்சாவது மிஞ்சியிருக்கும்னான். டாக்டருங்க எல்லாரும் இதைத்தானுங்க சொல்றாங்க. என்ற பாட்டன் செத்தப்பவும் இதைத்தான் சொன்னாங்க.

நான் சொன்ன நேரத்தை வெச்சுத்தான் டாக்டரு அப்படிச் சொன்னாரு. அதே நேரத்தை வெச்சு என்னையக் குத்தம் சொல்றாங்க. ஊருக்கு எளைச்சவன் புள்ளையார் கோயில் ஆண்டிங்கற கதைதான்.

ஆனா எனக்கு வயிறெரியறது எதுக்குத் தெரியுமுங்களா? ஆஸ்பத்திரில இருந்து திரும்பி வந்து பாத்தா, மன்றத்துல ஆறுச்சாமி அந்தக் குப்பையைக் கலைக்காம ஒதுக்கி வெச்சிருக்கறான். எல்லாரையும் கூட்டி வெச்சுக்கிட்டு, திருமூர்த்தி கையில இருந்து விழுந்த மூணு சீட்டைத் திருப்பிப் போட்டான். மூணும் ராஜா. மூணு ராஜா வெச்சிருக்கறவன் எவனாச்சும் கவுப்பானா ஆபீசரேன்னு கேட்டான். சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியுமே, அது கவுத்த கையா, விழுந்த கையான்னு கேட்டான். எல்லாரும் தலையைக் குனிஞ்சுட்டாங்க.

நான் கத்துனனுங்க. செத்த சீட்டைத் திருப்பறதுக்கு உனக்கு ஆருடா அதிகாரம் குடுத்ததுன்னு கத்தினேன். கவுத்த சீட்டைத் திருப்பிப் பாக்கறதை விடப் பெரிய தப்பு அந்த மேசைல இருக்குதுங்களா? நல்லா ஆடறவன் நல்ல சீட்டையும் கவுப்பான், கெட்ட சீட்டையும் வெச்சு நிப்பான். சீட்டைப் பாத்துட்டுத் தீர்ப்புச் சொல்றதா இருந்தா நடுவர் எதுக்கு? அவனுக்கு அன்னிக்கி என்ன நெனைப்போ, வீட்டுல என்ன பிரச்சினையோ, வேண்டாம்னு கவுத்திருக்கலாமில்லைங்களா? நான் எதைக் கண்டேன்? நான் கண்டது மூணு சீட்டு குப்பைல விழுந்தது. நான் கேட்டது கேள்வி. வராதது பதில். இதுல என்ற தப்பு எங்கீங்க இருக்குது?

கமிட்டி கூடுச்சு. என்னைய நடுவர் வேலைல இருந்து எடுத்துட்டாங்க. எடுத்துட்டுப் போகட்டும். ஆனா நான் உக்கார்ற நாற்காலியையும் எடுத்துட்டாங்க அம்மிணி. நான் போனா ஆரும் எந்திரிச்சுப் போறதில்லை, சண்டை போடறதில்லை. சீட்டைப் போடறப்ப என்னைய விட்டுட்டு அடுத்த ஆளுக்குப் போடறாங்க. என்ற மூஞ்சியைப் பாக்கறதில்லை.

அவனை ஆஸ்பத்திரில இருந்து கொண்டாந்த மொத வாரமே இந்த வீட்டுக்கு வந்தனுங்க. ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு வந்தேன். தங்கச்சி நாகரத்தினம், நான் வந்தா வாங்கண்ணா வாங்கண்ணான்னு வாசலுக்கு ஓடி வர்றவ. கேட்டுக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டு கம்பியைப் புடிச்சா, தொறக்கலை. திட்டியிருந்தாப் பரவால்லை. மண்ணை வாரித் தூத்தியிருந்தாக் கூட வாங்கிக்கிட்டிருப்பேன். நீங்க அவரைப் பாக்க வராதீங்கண்ணா, அவருக்கு ஆகறதில்லைன்னா. அவருக்கு ஆகறதில்லையாமா! அவனுக்கு என்னையப் பாத்தா ஆகாமப் போகுமுங்களா? அவன் சொல்லட்டும் அதை. பழத்தைக் கேட்டுல மாட்டிட்டு வந்துட்டேன். அடுத்த நாள் பாத்தா அப்படியே தொங்குச்சு.

என்ற வீட்டுக்காரி ஒருத்தி இருக்கறா. நான் சொல்ற நாயத்தையெல்லாம் கேட்டுக்குவா, சோறு போடுவா. ஒருநாள், நீங்க ரூலு சொன்னது சரிதானுங்க, ஒருக்கா அவரு மூஞ்சியைப் பாத்திருக்கலாம்னா. அவளுக்குச் சீட்டைப் பத்தி என்ன தெரியும்? நான் பாத்தேன். பாக்காமயா இருந்தேன்? தீர்ப்புச் சொல்ற வரைக்கும் பாத்தேன். அதுக்கப்புறம் பாக்கறது மொறையில்லை.

இப்ப அந்த ஒத்தாசையைச் சொல்றேன்.

நீங்க அவனுக்குப் பேச்சுக் கத்துக்குடுக்கறீங்க. மொதல்ல எந்த வார்த்தையைக் கத்துக்குடுக்கணும்னு ஒண்ணும் சட்டம் இல்லீங்களே? எப்படியும் அம்மா, ஆடு, எலைன்னு எதையாச்சும் சொல்லிக்குடுக்கத்தானே போறீங்க. அதுக்குப் பதுலா, கவுத்தேன்னு ஒரு வார்த்தை. கவுத்தேன். ஒண்ணும் கஷ்டமில்லை, அஞ்சு எழுத்து. நீங்க அவன்கிட்டப் பக்குவமா, ஐயா, அன்னிக்கி சீட்டைக் கவுத்தீங்களான்னு கேளுங்க. அவன் பொய் சொல்ல மாட்டான். கவுத்தேன்னு அவன் சொல்றதை இந்த போன்ல புடிச்சுக் குடுத்தீங்கன்னா, அதைக் கொண்டு போய் அந்த மேசைல வெப்பேன். ஆறுச்சாமி கேக்கட்டும். அப்புறம் அவனுங்களே நாற்காலியை எடுத்து வந்து போடுவானுங்க.

தவறி விழுந்துச்சுன்னு சொல்லிட்டான்னா? அதையும் ஏத்துக்கறேன். அட, எதையாச்சும் ஒண்ணைச் சொல்லட்டுமுங்க. நான் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிக்குது. ராத்திரியில படுத்தா நான்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கறேன், கவுத்தியா மாப்ளே, கவுத்தியான்னு. பதில் வராத தகராறு என்ற சர்வீஸ்லயே இது ஒண்ணுதான்.

நான் சொன்னேன்னு தங்கச்சிகிட்ட மூச்சு விடாதீங்க.

என்ற பேருங்களா? பேரு எதுக்குங்க? நாச்சிமுத்து. ஆபீசருன்னாத்தான் ஊருல தெரியும். அவன் மட்டும் நாச்சி, நாச்சிம்பான்.

ஏனம்மிணி? டீ கொட்டிப்போச்சு பாருங்க. டேய் தம்பி, துணி எடுத்தா. என்னாச்சுங்க, ஏன் இப்படிப் பாக்கறீங்க?

என்ன? திருப்பிச் சொல்லுங்க.

அவன் பேசறானா? ஒரு வார்த்தை பேசறானா? எப்ப இருந்து? ஆஸ்பத்திரில இருந்தேவா? அப்ப ஆரும் எனக்குச் சொல்லலை. ஒருத்தரும் சொல்லலைங்களே.

இதென்ன பையில இருந்து எடுக்கறீங்க, படமா? தண்ணிச் செம்பு. இதைக் காட்டுனா என்ன சொல்றான்? இல்லைங்க, நீங்க தப்பாக் கேட்டிருப்பீங்க. மாடு காட்டுனா? மாட்டுக்கும் அதேதானா? பசிச்சா? வேட்டி நனைஞ்சு போனா? வலிக்கறப்பவும் நாச்சியா?

தங்கச்சிகிட்ட நீங்க கேட்டீங்களா, அது ஆரோட பேருன்னு? சும்மா சத்தம், அர்த்தமில்லைன்னாளா. அப்படியா சொன்னா.

அது ஏனுங்க வேற வார்த்தை வரமாட்டேங்குது? உங்க படிப்புல அதுக்கு ஒரு காரணம் இருக்குமில்லை. சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன். மூளையில அடைப்பு விழற நேரத்துல நாக்கு எதைச் சொல்ல வந்துச்சோ, செலபேருக்கு அதுவே ஒட்டிக்குமா. மத்ததெல்லாம் அழிஞ்சு அது மட்டும் நிக்குமா.

அப்ப அவன் கவுத்தேன்னும் சொல்ல வரலை. கவுக்கலைன்னும் சொல்ல வரலை.

என்ற முழங்கைக்கு அவன் முழங்கை இடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. அவ்வளவு பக்கம். நான் சீட்டைப் பத்திக் கேட்டுக்கிட்டிருக்கேன். அவன் என்னையக் கூப்புட்டுக்கிட்டிருந்திருக்கான். வாய் வரலைன்னுதான் சட்டையைப் புடிச்சு இழுத்திருக்கான். நான் அதைத் தட்டி விட்டேன். அட என்ற சாமீ.

இல்லைங்க, தண்ணி வேண்டாம். நீங்க குடிங்க.

கேட்டைத் தொறந்துட்டா பாருங்க, தங்கச்சி நிக்கறா. போங்க, நேரமாச்சு. என்னையப் பாக்கப் போறா, நான் இந்தப் பக்கமாத் திரும்பி உக்காந்துக்கறேன். உள்ள வர்றீங்களான்னு கேக்காதீங்க அம்மிணி, என்னால ஆகாது. அவன் என்னையப் பாத்து அந்தப் பேரைச் சொன்னா நான் என்னன்னு பதில் சொல்றது?

செத்த இருங்க. நான் மொதல்ல கேட்டேனே, அதை மறந்துருங்க. கவுத்தேனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்தச் செம்புப் படத்தைக் காட்டி, தண்ணின்னு சொல்ல மொதல்ல பழக்குங்க. எத்தனை நாள் ஆனாலும் செரி, அதை விட்டுறாதீங்க. நாக்கு வறண்டு கெடக்கறவன் என்ற பேரைச் சொல்லிக் கூப்புட்டா, ஆரு அம்மிணி அவனுக்குத் தண்ணி கொண்டாந்து குடுப்பா?